அக்கரைக்குப் போன செய்தி



திருச்சி மலைக்கோட்டையில் உச்சிப் பிள்ளையார் கோயில் வரை நீங்கள் ஏறியிருக்கலாம். ஏறாதவர்கள் ஒருமுறை ஏறிப் பாருங்கள். சுமார் 83 மீட்டர் உயரமுள்ள அந்தப் பாறையின் மேல் நின்று வடக்கே திரும்பினால் முதலில் காவிரி தெரியும். அதற்கு அப்பால் தென்னை மரங்களுக்கு நடுவே ஸ்ரீரங்கத்தின் கோபுரங்கள். அந்தத் தீவையும் தாண்டிக் கொள்ளிடம். கொள்ளிடத்துக்கும் அப்பால் சமயபுரம். மலைக்கோட்டையிலிருந்து சமயபுரம், பறவை பறக்கும் வழியில், சுமார் 11 கிலோமீட்டர்தான். இன்று அங்கே இருக்கும் நண்பனுக்குக் கைப்பேசியில் ஒரு வரி தட்டினால் கண் இமைக்கும் நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும்.

1752-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இதே 11 கிலோமீட்டர் தூரத்துக்குள் செய்திகள் தாமதமாயின, பொய்யும் ஆயின. அதனால் பல உயிர்கள் போயின.

அப்போது திருச்சிக் கோட்டைக்குள் இருந்தவர் முகம்மது அலி. அவருக்குத் துணை ஆங்கிலேயக் கம்பெனியின் படை. நவாபு பதவிக்கு அவருடன் போட்டியிட்டவர் சந்தா சாகிப். அவருக்குத் துணை பிரெஞ்சுக் கம்பெனியின் படை. (இரண்டு வியாபாரக் கம்பெனிகள் நம் ஆற்றங்கரையில் வந்து ஏன் மோதிக்கொண்டன என்பதை உங்கள் வரலாற்று ஆசிரியரிடம் கேளுங்கள். அது இந்தக் கட்டுரைக்குள் அடங்காது.) மேஜர் லாரன்சும் ராபர்ட் கிளைவும் உதவிப் படையுடன் திருச்சிக்கு வந்து சேர்ந்ததும், பிரெஞ்சுத் தளபதி லா தென்கரையை விட்டுவிட்டு ஸ்ரீரங்கம் தீவுக்குள் ஒதுங்கினார்.

உடனே ஆங்கிலேயர் தங்கள் படையை இரண்டாகப் பிரித்தார்கள். லாரன்ஸ் ஒரு பகுதியுடன் தெற்கே திருச்சியில் நின்றார். கிளைவ் மற்றொரு பகுதியுடன் இரவோடு இரவாக இரண்டு ஆறுகளையும் கடந்து வடக்கே சமயபுரத்தில் முகாமிட்டார். புதுச்சேரியிலிருந்து லாவுக்கு உதவி வரும் வழி அடைபட்டது. இப்போது மனத்தில் ஒரு படம் வரைந்துகொள்ளுங்கள். ஒரே படையின் இரு பகுதிகள், நடுவே எதிரி, போதாக்குறைக்கு இரண்டு ஆறுகள். இங்கிருந்து அங்கே ஒரு சொல் போக வேண்டுமானால் ஓர் ஆள் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அவன் போய்ச் சேரலாம், வழியில் பிடிபடலாம், ஆற்றோடு போகலாம்.

கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசுவதைப் பற்றி எழுத வந்தவன் பழைய யுத்தக் கதையை ஏன் அளக்கிறான் என்று நினைக்கிறீர்களா? காரணம் இருக்கிறது. தகவல் தொடர்பு என்றதும் நமக்குக் கம்பியும் கோபுரமும் செயற்கைக்கோளும் நினைவுக்கு வருகின்றன. கம்பியை இழுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுகிறோம். உண்மையில் கடினமான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. நாம் அனுப்பியது அக்கரைக்குக் கிடைத்ததா? சிதையாமல் கிடைத்ததா? கிடைத்த நேரத்திலும் அது உண்மையாக இருந்ததா? அனுப்பியவர் நாம்தான் என்பதை அவர் எப்படி அறிவார்? கம்ப்யூட்டர் வலைப்பின்னலை அமைப்பவர்கள் அன்றாடம் மல்லாடுவது இந்தக் கேள்விகளோடுதான்.

பழைய செய்தியும் பொய்ச் செய்தியும்

லாவுக்கு உதவியாகப் புதுச்சேரியிலிருந்து ஒரு படை புறப்பட்டு, சமயபுரத்துக்கு வடக்கே ஊட்டத்தூர் வரை வந்தது. அதை மறிக்கக் கிளைவ் தம் படையுடன் இரவில் கிளம்பினார். அவர் வருவதை அறிந்த அந்தப் படை பின்வாங்கியது. கிளைவும் சமயபுரத்துக்கே திரும்பிவிட்டார். ஸ்ரீரங்கத்தில் இருந்த லாவுக்கோ கிளைவ் புறப்பட்ட செய்தி கிடைத்தது. திரும்பிய செய்தி கிடைக்கவில்லை. சமயபுரத்தில் காவல் குறைவு என்று நம்பி, அன்றிரவே சுமார் 80 ஐரோப்பியரையும் 700 சிப்பாய்களையும் அங்கே அனுப்பினார்.

லாவுக்கு வந்த செய்தி பொய்யன்று. ஒற்றன் புறப்பட்ட நேரத்தில் அது மெய். வந்து சேர்ந்த நேரத்தில் அது மெய்யல்ல. தகவல் தொடர்பில் இந்த இடைவெளியைச் சுணக்கம் எனலாம். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. மலைக்கோட்டையிலிருந்து சமயபுரம் வரை நேராக ஓர் இழை போட்டால், ஒளி அதைக் கடக்க ஒரு நொடியில் 18,000-ல் ஒரு பங்கு நேரம் போதும். பூமிக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிலைத்திருக்கும் செயற்கைக்கோளின் வழியாக அனுப்பினாலோ, ஏறி இறங்கவே கால் நொடி ஆகும். சுணக்கம் எவ்வளவு குறைந்தாலும் பூச்சியம் ஆவதில்லை. தொலைவிலிருந்து வரும் எந்தச் செய்தியும் சற்றே பழைய செய்திதான். வானத்து நட்சத்திரத்தைப் பற்றி இதைப் படித்திருப்பீர்கள். பக்கத்து ஊர்க் கம்ப்யூட்டருக்கும் அதே விதிதான்.

கதையின் மறுபாதி இன்னும் சுவையானது. லா அனுப்பிய 80 ஐரோப்பியரில் 40 பேர், ஆங்கிலப் படையிலிருந்து ஓடிவந்து பிரெஞ்சுக்காரரிடம் சேர்ந்தவர்கள். நள்ளிரவில் சமயபுரம் முகாமை நெருங்கியபோது காவலர்கள் மறித்தார்கள். ஓடிவந்தவர்களின் தலைவன் ஆங்கிலத்திலேயே, "மேஜர் லாரன்ஸ் உங்களுக்கு உதவியாக அனுப்பிய படை நாங்கள்" என்றான். காவலர்கள் வழிவிட்டார்கள்! உள்ளே புகுந்தவர்கள் சுடத் தொடங்கினார்கள். தூக்கத்திலிருந்து எழுந்த கிளைவ், தம் ஆட்களே பயத்தில் சுடுகிறார்கள் என்று எண்ணி எதிரிகளின் நடுவே போய்த் திட்டினாராம். காயத்தோடு தப்பினார்.

காவலர்கள் எதைச் சான்றாக ஏற்றுக்கொண்டார்கள்? பேசும் மொழியையும் பெயரையும் மட்டும். "நான் லாரன்சிடமிருந்து வருகிறேன்" என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். "உங்கள் வங்கியிலிருந்து பேசுகிறோம்" என்று இன்று தொலைபேசியில் வருவதும் அதே தந்திரம்தான். அனுப்பியவரின் பெயர் செய்தியில் எழுதியிருப்பது சான்றாகாது. அவர் ஒருவரால் மட்டுமே செய்யக்கூடிய ஏதோ ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். இதற்கு 1970-களில் கணித வல்லுநர்கள் அழகான வழி கண்டார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு சாவிகள். ஒன்று இரகசியம், மற்றது ஊருக்கெல்லாம் தெரிந்தது. இரகசியச் சாவியால் முத்திரையிட்டதை, ஊரறிந்த சாவியால் எவரும் சரிபார்க்கலாம். ஆனால் அதைக் கொண்டு முத்திரையிட முடியாது. 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஆடில்மன் என்ற மூவர் இதை மிகப்பெரிய பகா எண்களைக் கொண்டு செய்து காட்டினார்கள். ஓடிப்போனவர்கள் கதையில் இன்னொரு பாடமும் உண்டு. நம்மோடு இருந்தவன் எதிரியிடம் போய்விட்டால் அவன் அறிந்த அடையாளச் சொல்லை அன்றே மாற்றிவிட வேண்டும்.

தீராத ஒரு சிக்கல்

இனி நடந்த கதையை விட்டு, நடந்திருக்கக்கூடிய ஒன்றைக் கற்பனை செய்வோம். லாரன்சும் கிளைவும் ஒரே நேரத்தில் தீவைத் தாக்கினால் வெற்றி. ஒருவர் மட்டும் தாக்கினால் அழிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். லாரன்ஸ், "நாளை விடியற்காலை நான்கு மணிக்கு" என்று எழுதி ஆளை அனுப்புகிறார். ஆள் போய்ச் சேர்ந்தானா? தெரியாது. தெரியாமல் அவர் தாக்கமாட்டார். ஆகவே கிளைவ், "கிடைத்தது" என்று பதில் ஆள் அனுப்புகிறார். அந்த ஆள் போய்ச் சேர்ந்தானா? கிளைவுக்குத் தெரியாது. "உங்கள் பதில் கிடைத்தது" என்று லாரன்ஸ் மீண்டும் எழுத வேண்டும். அது கிடைத்ததா?

எத்தனை ஆட்கள் போய்வந்தால் இருவருக்கும் முழு உறுதி பிறக்கும்? பத்தா, நூறா? கொஞ்சம் படிப்பதை நிறுத்திவிட்டு யோசியுங்கள்.

விடை: எத்தனை பேர் போனாலும் பிறக்காது. நிரூபணம் எளிது. ஏதோ ஓர் எண்ணிக்கையில் செய்திகள் போதும் என்று வைத்துக்கொள்வோம்; அவற்றுள் மிகக் குறைந்த எண்ணிக்கையை எடுத்துக்கொள்வோம். அதில் கடைசிச் செய்தியை அனுப்பியவருக்கு அது சேர்ந்ததா என்று தெரிய வழியில்லை. ஆகவே சேர்ந்தாலும் சேராவிட்டாலும் அவர் தாக்கியாக வேண்டும். அப்படியானால் அது சேராதபோது எதிர்ப்பக்கத்தவரும் தாக்கினால்தான் திட்டம் பலிக்கும். சேராவிட்டாலும் இருவரும் தாக்குவார்கள் என்றால் அந்தச் செய்தியே வேண்டாமே! ஒன்றைக் குறைத்துவிடலாம். ஆனால் நாம் எடுத்ததே மிகக் குறைந்த எண்ணிக்கை அல்லவா? முரண்பாடு.

1975-ல் அக்கோயுன்லு, ஏகநாதம், ஹூபர் என்ற மூவர் கம்ப்யூட்டர் வலைப்பின்னல்களைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையில் இந்தச் சிக்கலை வெளியிட்டார்கள். 1978-ல் ஜிம் கிரே என்பவர் இதற்கு இரு தளபதிகள் புதிர் என்று பெயர் சூட்டினார். எவ்வளவு சிறந்த கம்பி போட்டாலும், அது ஒரே ஒரு முறை அறுந்துபோகக்கூடும் என்றால், இந்தப் புதிருக்குத் தீர்வு இல்லை.

பொட்டலம் பொட்டலமாக

அப்படியானால் இணையம் எப்படி நடக்கிறது? பெரிய கேள்வியைக் கைவிட்டு, சிறிய கேள்வியைக் கேட்பதால் நடக்கிறது. "இருவருக்கும் முழு உறுதி உண்டா?" என்று அது கேட்பதில்லை. "அவனுக்குக் கிடைத்ததா? பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பு" என்பதோடு நின்றுகொள்கிறது.

நீங்கள் அனுப்பும் படமோ கடிதமோ முதலில் துண்டு துண்டாக வெட்டப்படுகிறது. ஒவ்வொரு துண்டும் வழக்கமாக 1,500 பைட் அளவுக்கு மிகாத ஒரு பொட்டலம். 30 லட்சம் பைட் உள்ள ஒரு புகைப்படம் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பொட்டலங்களாகும். ஒவ்வொன்றின் மேலும் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, வரிசை எண் ஆகியவை இருக்கும். பெறுபவர் "இத்தனை வரை வந்தது" என்று ஒப்புகை அனுப்புவார். பதிவுத் தபாலோடு ஒப்புகை அட்டை இணைத்து அனுப்பும் பழக்கம் உங்கள் தாத்தாவுக்கு நினைவிருக்கும்; அதே முறைதான். அனுப்புபவர் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு நகல் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்திருப்பார். குறித்த நேரத்துக்குள் ஒப்புகை வராவிட்டால் நகலை அனுப்புவார். பொட்டலம் தொலைந்ததா, ஒப்புகை தொலைந்ததா என்று அவர் ஆராய்வதில்லை. ஒரே பொட்டலம் இரண்டு முறை வந்தால், வரிசை எண்ணைப் பார்த்துப் பெறுபவர் ஒன்றைத் தள்ளிவிடுவார். இப்படி இரு பக்கத்தவரும் முன்கூட்டியே செய்துகொள்ளும் ஏற்பாட்டுக்கு நெறிமுறை என்று பெயர். இன்றைய இணையத்தின் முக்கிய நெறிமுறையை 1974-ல் வின்டன் செர்ஃப், ராபர்ட் கான் இருவரும் வகுத்தார்கள்.

ஏன் வெட்ட வேண்டும் என்று கேட்கலாம். 2022 நவம்பரில் சிந்தாமணிக்கும் மாம்பழச்சாலைக்கும் இடையிலுள்ள காவிரிப் பாலத்தைப் பழுது பார்ப்பதற்காகச் சில மாதங்கள் மூடினார்கள். ஸ்ரீரங்கம் போகும் வண்டிகள் நின்றுவிடவில்லை. தேசிய நெடுஞ்சாலைப் பாலத்தைச் சுற்றிப் போயின. நேரம் கூடியது, நெரிசல் கூடியது, ஆனால் ஊர் துண்டாகவில்லை. ஒவ்வொரு வண்டியும் தன் வழியைத் தானே மாற்றிக்கொள்ள முடிந்ததே காரணம். இரண்டாயிரம் வண்டிகளை ஒரே சங்கிலியால் பிணைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பொட்டலங்களும் அப்படித்தான். வழியிலுள்ள ஒவ்வொரு சந்திப்பிலும் திசைவி என்ற கருவி முகவரியைப் பார்த்து, அப்போது திறந்திருக்கும் பாதையில் திருப்பி விடுகிறது. அது முகவரி முழுவதையும் ஆராய வேண்டியதில்லை. ஸ்ரீரங்கத்தின் பின்கோடு 620006. டில்லியில் தபால் பிரிப்பவருக்கு முதல் எண்ணான 6 போதும், தெற்கே தள்ளிவிடுவார். சென்னையில் இருப்பவர் 620-ஐப் பார்த்துத் திருச்சிப் பையில் போடுவார். கடைசி 6 ஊருக்குள் வந்த பிறகுதான் தேவைப்படும். இணைய முகவரியும் இப்படி முன்பகுதியை வைத்தே வழி காட்டுகிறது.

1969 அக்டோபர் 29 அன்று, இணையத்தின் மூதாதையான ஆர்ப்பாநெட்டில் முதல் செய்தி போனது. லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த மாணவர் ஒருவர் ஸ்டான்ஃபோர்டில் இருந்த கம்ப்யூட்டருக்கு 'லாகின்' என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தட்டினார். எல் போனது, ஓ போனது, மூன்றாம் எழுத்தில் அக்கரைக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது! போய்ச் சேர்ந்தவை இரண்டே எழுத்துகள். அவை சேர்ந்தன என்பதையும் தொலைபேசியில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள்.

ஒரு பிட் புரண்டால்

பொட்டலம் போய்ச் சேர்ந்தால் மட்டும் போதுமா? கம்ப்யூட்டருக்குத் தெரிந்தவை 0, 1 என்ற இரண்டே குறிகள். ஒவ்வொரு குறியும் ஒரு பிட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். தமிழ் எழுத்துகளுக்கு உலகப் பொதுவான யூனிகோடு முறையில் எண்கள் உண்டு. கம்பியில் போகும்போது ஒவ்வோர் எண்ணும் மூன்று பைட்டாகிறது. 'கரை' என்ற சொல் க, ர, ஐகாரக் குறி ஆகிய மூன்று எண்கள். ஆக ஒன்பது பைட், 72 பிட். இதில் 'ர'வின் மூன்றாவது பைட் 10110000. 'ற'வின் மூன்றாவது பைட் 10110001. வேறுபாடு கடைசி பிட் ஒன்றில்தான்! வழியில் ஒரு மின்னல் வெட்டி அந்த ஒரு பிட் புரண்டால் 'கரை' 'கறை' ஆகிவிடும். 'மரம்' 'மறம்' ஆகும். ல, ள ஆகியவையும் இப்படி ஒட்டிப் பிறந்தவை: 'கிலி' 'கிளி' ஆகும்! நம் தமிழாசிரியர்கள் ஆண்டு முழுவதும் திருத்துகிற பிழையை ஒரு பிட் நொடியில் செய்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க மிகப் பழைய முறை ஒன்று உண்டு. ஒவ்வொரு பைட்டிலும் எத்தனை 1 இருக்கிறது என்று எண்ணுங்கள். 10110000-ல் மூன்று, ஒற்றைப்படை. இரட்டைப்படை ஆகும்படி கூடவே இன்னொரு 1 சேர்த்து அனுப்புங்கள். அக்கரையில் எண்ணும்போது ஒற்றைப்படையாக வந்தால் வழியில் ஏதோ புரண்டிருக்கிறது; வீசிவிடலாம், ஒப்புகை தர வேண்டியதில்லை. அனுப்பியவர் தாமே மறுபடி அனுப்புவார். இரண்டு பிட்டுகள் ஒருசேரப் புரண்டால் இந்த முறை ஏமாந்துபோகும் என்பதை நீங்களே கண்டிருப்பீர்கள். அதனால் இன்றைய வலைப்பின்னல்களில் பொட்டலம் முழுவதையும் ஒரு பெரிய எண்ணாகக் கருதி, குறிப்பிட்ட எண்ணால் வகுத்து, மீதியை வாலில் ஒட்டி அனுப்புகிறார்கள். பெறுபவரும் வகுத்துப் பார்க்கிறார். நீங்கள் கீழ்வகுப்பில் கற்ற வகுத்தல் கணக்கின் தம்பிதான் அது.

டிக்கெட் கவுண்ட்டரில்

திருச்சி ஜங்ஷனில் முன்பதிவுக் கவுண்ட்டருக்கு வாருங்கள். முன்காலத்தில் இங்கே பெரிய பேரேடுகள் இருந்தன. இன்ன ரயிலில் இந்த ஊருக்கு இத்தனை படுக்கை என்று ஒதுக்கீடு இருக்கும். திரும்பி வரும் பயணத்துக்கு அந்த ஊருக்குத் தந்தி அடிக்க வேண்டும். (இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றது.) இங்கே இடமில்லை என்று திருப்பி அனுப்பியவருக்கு அங்கே ஏட்டில் காலியிடம் இருக்கும், அது தெரிய வழியில்லை. 1980-களின் நடுவில் புதுடில்லியில் கம்ப்யூட்டர் முன்பதிவு தொடங்கியது. பிறகு டில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து இடங்களில் பெரிய கம்ப்யூட்டர் மையங்கள் அமைந்தன. 1999-ல் ஐந்தும் ஒன்றோடொன்று இணைந்தன.

கவுண்ட்டர் ஊழியரின் முன்னுள்ள திரையில் காலியிடப் பட்டியல் எதுவும் இல்லை. அது கேட்கிறது, சென்னையிலுள்ள கம்ப்யூட்டர் சொல்கிறது. இங்கேதான் இரு தளபதிகள் புதிரைப் பொறியாளர்கள் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகச் சுற்றிப் போனார்கள் என்று பாருங்கள். கடைசியாக ஒரே ஒரு படுக்கை இருக்கிறது. திருச்சியில் ஒருவரும் மதுரையில் ஒருவரும் ஒரே நேரத்தில் கேட்கிறார்கள். இரண்டு கவுண்ட்டர்களும் தங்களுக்குள் பேசி முடிவு செய்ய வேண்டும் என்றால் லாரன்சும் கிளைவும் பட்ட பாடுதான். ஆகவே முடிவு ஒரே இடத்தில். மையக் கம்ப்யூட்டர் முதலில் வந்த கேள்விக்காக அந்தப் படுக்கையின் பதிவைப் பூட்டுகிறது. விற்றது என்று எழுதுகிறது. பிறகே அடுத்தவருக்குப் பதில் சொல்கிறது. இரண்டு தளபதிகளை ஒருவராக்கிவிட்டார்கள்.

புதிர் முழுவதும் ஒழிந்ததா? இல்லை, ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. படுக்கை உங்கள் பெயரில் பதிவாகிவிட்டது. அதைச் சொல்லும் பதில் வழியில் தொலைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மையத்தைப் பொறுத்தவரை விற்பனை முடிந்தது. கவுண்ட்டருக்கோ ஒன்றும் தெரியாது. மறுபடி கேட்டால் இரண்டாவது படுக்கையும் பதிவாகிவிடக் கூடாதே! அதனால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண் ஒன்று கூடவே போக வேண்டும். அதே எண்ணுடன் கோரிக்கை மறுபடி வந்தால் மையம் புதிதாக எதையும் விற்காது. முன்பு கொடுத்த பதிலையே திருப்பிச் சொல்லும்.

வீட்டில் கைப்பேசி மூலம் பணம் கட்டும்போது சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கணக்கில் பணம் கழிந்துவிட்டது, ரசீது மட்டும் வரவில்லை என்று அப்பா பதறுவதைப் பார்த்திருப்பீர்கள். அப்போது அவரிடம் சொல்லுங்கள்: பணம் எங்கும் போகவில்லை, 'கிடைத்தது' என்று சொல்லப் புறப்பட்ட ஆள்தான் இன்னும் ஆற்றைக் கடக்கவில்லை. "பொத்தானை மறுபடி அழுத்த வேண்டாம்" என்று திரையில் எழுதியிருப்பது அவனுக்காகத்தான்.